சோஹார் குழாய்களும் வாடகை மென்பொருளும்

சிந்துபாத் பிறந்த ஊர்னு சோஹார்ல பெருமையாச் சொல்லிக்குவாங்க. அது கதை. நான் சொல்ல வந்தது வேற வரலாறு.

2002-ல ஓமன் அரசும் ராட்டர்டாம் துறைமுகமும் சரிபாதி கூட்டு சேர்ந்து இங்கே துறைமுக நிறுவனத்தை ஆரம்பிச்சாங்க. 2006-ல ரிஃபைனரி வந்தது, 2008-ல அலுமினிய ஆலை வந்தது. இந்த மாதிரி ஆலையெல்லாம் மணல்ல எழும்புறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் திரையில எழும்பிடும். ஒரு ரிஃபைனரியில ஆயிரக்கணக்கான குழாய்கள் ஓடும். குழாய் போற வழியில இரும்புத் தூண் குறுக்கே நின்னா, திரையில நகர்த்துறது சில நிமிஷ வேலை. சைட்ல வெல்டிங் ஆனப்புறம் தெரிஞ்சா, வெட்டி எடுத்து மறுபடி பத்தவைக்கணும். பொறியியல் மென்பொருளுக்குச் சந்தை உண்டானதே இந்த வித்தியாசத்தாலதாங்க.

இந்தச் சந்தை மூணு கட்டமா வளர்ந்திருக்கு.

முதல் கட்டம், பணக்காரக் கம்பெனிகளோடது. 1967-ல பிரிட்டிஷ் அரசு கேம்பிரிட்ஜ்ல ஒரு கணினி வடிவமைப்பு மையம் தொடங்கியது. ஆலைகளை முப்பரிமாணத்துல வரையற பிடிஎம்எஸ் 1970-கள்ல அங்கேதான் பிறந்தது. அந்த மையம் 2001-ல அவேவான்னு பேரை மாத்திக்கிச்சு. அமெரிக்காவுல போட்டிக்கு இன்டர்கிராஃப்.

ரெண்டாவது கட்டம் 1982-ல. கலிஃபோர்னியாவுல ஆட்டோடெஸ்க் கம்பெனி, சாதாரண பெர்சனல் கம்ப்யூட்டர்ல ஓடுற ஆட்டோகேடை சுமார் 1000 டாலருக்கு வித்தது. டிராயிங் போர்டு, டிரேசிங் பேப்பரெல்லாம் மெல்ல மூலைக்குப் போச்சு. நம்ம ஊர்ல ஐடிஐ டிராஃப்ட்ஸ்மேன் படிச்ச பசங்களுக்கு வளைகுடா விசா கிடைக்க 'ஆட்டோகேட் தெரியும்'ங்கிற ஒரு வரி உதவுச்சு. பைப்பிங் ஆளுங்கன்னா அதோட 'பிடிஎம்எஸ் தெரியுமா?'ன்னும் கேட்பாங்க.

அப்புறம் வேலையே ஊருக்கு வர ஆரம்பிச்சது. சோஹார் ரிஃபைனரியை நாளுக்கு 1,16,000 பீப்பாயிலிருந்து 1,98,000-க்கு விரிவாக்குற ஒப்பந்தம் 2013-ல பெட்ரோஃபாக், டேலிம் கூட்டணிக்குக் கிடைச்சது. மதிப்பு சுமார் 210 கோடி டாலர். அப்போ பெட்ரோஃபாக்குக்குச் சென்னையிலயும் பொறியியல் அலுவலகம் இருந்தது. வளைகுடா ஆலைக்குப் படம் போட வளைகுடாவுக்கே வரணும்ங்கிற கட்டாயம் குறைஞ்சுபோச்சு.

மூணாவது கட்டம்தான் எனக்கு உறுத்துது. 2010-ல இன்டர்கிராஃபை ஹெக்ஸகான் வாங்கிடுச்சு. 2023-ல அவேவா முழுசா ஷ்னைடர் கைக்குப் போச்சு. 2016-ல ஆட்டோடெஸ்க், ஒரு தடவை காசு கொடுத்து வாங்குற புது லைசன்ஸ் விற்பனையை நிறுத்திட்டு வாடகைக்கு மாறிச்சு. அதனால இந்தச் சந்தை வளருதுன்னு வர்ற புள்ளிவிவரத்தை அப்படியே நம்பாதீங்க. படம் போடுறவங்க கூடாமலே வருமானம் கூட முடியும். வாடகை ஏறினாலே போதும்.

பெரிய கம்பெனிக்கு இது ஒரு செலவுக் கணக்கு. இருபது வருஷம் வளைகுடாவுல குழாய் வரைஞ்சுட்டு, திருச்சியிலோ நாகர்கோவில்லயோ சின்னதா டிராயிங் ஆபீஸ் போட நினைக்கிறவருக்கு அப்படியில்ல. கைத்தொழில் அவரோடது, கருவி மட்டும் அவரோடது இல்ல. தச்சர்கிட்ட உளியை மாச வாடகைக்கு விட்டா எப்படி இருக்கும்?

சோஹார் துறைமுக நிறுவனம் பிறந்த அதே 2002-லதான் ஃப்ரீகேட்ங்கிற இலவச மென்பொருளும் வந்தது. அதோட 1.0 பதிப்பு 2024-லதான் வெளியாச்சு! ரிஃபைனரி வேலைக்கு அது ஈடாகாது. ஆனா சின்ன ஆபீசுக்கு ஒரு கதவு.

உங்கள்ல யாராவது அதுல காசுக்கு வேலை செஞ்சிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. நாலு பேருக்கு உபயோகமா இருக்கும் :-)