வெள்ளைப் பொட்டாக விழும் கொக்கு, கலங்கிப்போகும் நாரை... பறவைப் படம் ஷார்ப்பாக வர என்ன செய்யணும்?

வேடந்தாங்கல் போய் 400 படம் எடுத்துட்டு வந்தேன். தேறியது ஆறு. கேமராவின் குட்டி ஸ்கிரீனில் பளிச்னு தெரிந்த கரண்டிவாயன், லேப்டாப்பில் பெரிதாக்கினால் கலங்கிப்போயிருந்தது. கொக்குகளோ, ஓர் இறகுகூடத் தெரியாத வெள்ளைப் பொட்டு! "லென்ஸ் சரியில்லப்பா" என்று நண்பன் சொல்ல, இ.எம்.ஐ-யில் புது லென்ஸ் வாங்கக் கடை வரைக்கும் போய்விட்டேன். நல்லவேளை, வாங்கவில்லை. தப்பு லென்ஸில் இல்லை, செட்டிங்கில்!

உங்களுக்கும் இதே கதையா? முதலில் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்க. கிளை, இலை, பறவை எல்லாமே ஒரு பக்கமாக இழுத்த மாதிரி இருந்தால், உங்கள் கை ஆடியிருக்கு. கிளை தெளிவாக இருந்து பறவை மட்டும் கலங்கியிருந்தால், அது அசைந்திருக்கு. பின்னாடி இருக்கும் இலை மட்டும் ஷார்ப்பா? ஃபோகஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கு.

முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்... ஷட்டர் ஸ்பீடு. 300 எம்.எம் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது 1/500-க்குக் கீழே இறங்காதீங்க. அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்குத்தான். பறக்கும் நாரைக்கு 1/1600 வேணும். மீன்கொத்தி மாதிரி துறுதுறு பார்ட்டிகளுக்கு 1/2500-கூட சில நேரம் பத்தாது. 'லென்ஸ்லதான் ஸ்டெபிலைசர் இருக்கே' என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். பறவையின் சிறகை நிறுத்தாது.

ஷட்டரை ஏற்றினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். ஐ.எஸ்.ஓ-வை ஏற்றியாகணும். புள்ளி புள்ளியாக வருமேன்னு பயந்து நான் அதை 200-லேயே வைத்திருந்ததுதான் அன்றைக்குச் சொதப்பியதற்குக் காரணம். புள்ளி வந்தால் வரட்டும், எடிட்டிங்கில் குறைத்துக்கொள்ளலாம். கலங்கிய கண்ணைத் திரும்பக் கொண்டுவருவது அவ்வளவு சுலபமில்லை. மேனுவல் மோடில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்க வைங்க, ஐ.எஸ்.ஓ-வை ஆட்டோவில் விட்டுடுங்க.

ஃபோகஸுக்கு, கன்டினியூவஸ் மோடு. கிளைகளுக்கு நடுவே இருக்கும் பறவை என்றால் ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதைக் கண்ணில் வைங்க. கண் ஷார்ப்பாக இருந்தால் வால் கொஞ்சம் மங்கினாலும் யாரும் கேட்க மாட்டாங்க.

சரி, கொக்கு ஏன் வெள்ளைப் பொட்டானது? கேமராவுக்குக் கொக்கும் தெரியாது, காக்காவும் தெரியாது. ஃபிரேம் முழுவதையும் சராசரியாக நடுத்தர சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஏரிக்குள் நிற்கும் கரும்பச்சை மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு இருந்தால், 'இருட்டா இருக்கே' என்று முடிவுகட்டி மொத்தத்தையும் வெளிச்சமாக்கிவிடும். அதில் கொக்கு எரிந்துபோகும். இங்கே எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை -0.7 அல்லது -1 வைங்க. வெளிர் வானத்துக்கு எதிரே நீர்க்காகம் என்றால் கணக்கு தலைகீழ்: +1 அல்லது அதற்கும் மேலே. முழுசாக எரிந்த வெள்ளையை எந்த ஆப்பும் மீட்காது. 'ரா' ஃபைலாக எடுத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

நம்ம ஊர் இயற்கையியலாளர் மா.கிருஷ்ணன் (1912-1996), பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, கறுப்பு வெள்ளை ஃபிலிமில் காட்டு விலங்குகளை எடுத்தவர். எடுத்த படத்தை அங்கேயே பார்க்கும் வசதி அவருக்கு இல்லை. நமக்கு ஹிஸ்டோகிராம் இருக்கு. அது வலது ஓரத்தில் போய் முட்டுதான்னு முதல் நாலு படத்துக்குள்ளே பார்த்துடுங்க.

போனில் எடுக்கிறீங்களா? பறவை மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸை லாக் பண்ணி, பிரைட்னஸைக் கீழே இழுங்க. டிஜிட்டல் ஜூமை அதிகம் நம்பாதீங்க. அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதற்காகக் கூடு வரை கிட்டப் போவதும் வேண்டாம். தாய்ப்பறவை பயந்து எழுந்துவிட்டால், முட்டையும் குஞ்சும் வெயிலில் காயும், காக்கா தூக்கிப்போகும்.

உச்சி வெயிலில், எவ்வளவு விலை லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் பறவை நெளிந்துதான் தெரியும். சூடான காற்று பண்ணும் வேலை அது. காலை ஒன்பது மணிக்குள் எடுத்துட்டு, டிபன் சாப்பிடப் போயிடுங்க.

பழகுவதற்கு ஏரி வரைக்கும் போக வேண்டாம். மொட்டை மாடிக்கு வரும் காக்கா போதும்: வானம் வெளிர், பறவை கறுப்பு, சொல்லாமல் பறந்துவிடும். ப்ளஸ் ஒன்றில் ஆரம்பிங்க.