ஒரு நாள், ஒரு கேமரா, ஜார்ஜ் டவுன்

சென்னை தொடங்கிய இடத்தை நடந்தே பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கோட்டையில் தொடங்கி பாரிமுனை, ஆர்மீனியன் தெரு, பூக்கடை வழியாக சென்ட்ரலில் முடிக்கலாம். சந்து பொந்தெல்லாம் நுழைந்து வந்தாலும் நான்கைந்து கிலோமீட்டர்தான். கையில் தண்ணீர் பாட்டில், தலைக்குத் தொப்பி, படம் எடுக்க மொபைல் இருந்தால் போதும்.

கோட்டைக்குள் 1680-ல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தைப் பாருங்கள். தலைமைச் செயலகமும் ராணுவ அலுவலகங்களும் அங்கே இருப்பதால், கேட்டுக்கொண்டு படம் எடுப்பது நல்லது.

கோட்டையை விட்டு வடக்கே வந்தால் உயர் நீதிமன்றம். நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய இடம் எப்படிக் கிடைத்தது? இங்கேதான் பழைய கருப்பர் நகரம் இருந்தது. 1746-ல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் சுவரை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தார்கள். 1749-ல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள் பின்னர் மீதியையும் இடித்தார்கள். எதிரி மறைந்து வர முடியாதபடி, பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்பதே காரணம். அந்த வெளியில் யாரும் கட்டக்கூடாது என்று 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று இன்றும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் அருகே நிற்கிறது. முதல் படம் அதுவாக இருக்கட்டும். 1892-ல் நீதிமன்றம் திறக்கப்பட்டது அந்த வெளியில்தான். அதன் கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கும் எரிந்தது.

இடிபட்டதில் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் ஒன்று. அதற்கு மாற்று இடம் கொடுத்தார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் பூக்கடை அருகே, தேவராஜ முதலி தெருப் பக்கம், சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள் எழுந்தன. ‘பட்டணம் கோயில்’ என்று கேட்டால் வழி சொல்வார்கள். போகும் வழியில் ஆர்மீனியன் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயத்தையும் பார்த்துவிடலாம். கோட்டைக்கு வடக்கே புதிதாக வளர்ந்த இந்த ஊருக்கு, 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் ஜார்ஜ் டவுன் என்ற பெயர் வந்தது.

முதல் கருப்பர் நகரத்துக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. அப்போது கேமராவே கிடையாது. சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியது 1856-ல். அதனால் அந்தத் தெருக்களும் வீடுகளும் எப்படி இருந்தன என்பதற்குப் பழைய வரைபடங்களும் கும்பெனிக் கணக்குகளும்தான் நமக்குச் சாட்சி.

நடை முடியும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகம் வாங்க அங்கே போன மூத்தவர்கள் நம் குடியிருப்பிலும் இருப்பார்கள். 1900-ல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம் 1985 மே மாதம் தீயில் போனது. இப்போது அங்கே புறநகர் ரயில் நிலையக் கட்டடம். ஆனால் மூர் மார்க்கெட்டுக்குப் படங்கள் இருக்கின்றன. அதைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் அதன் வளைவுகளைக் காட்ட முடிகிறது.

ஆகவே பெரிய கட்டடங்களோடு நின்றுவிடாதீர்கள். பவழக்காரத் தெரு, தம்பு செட்டித் தெருப் பக்கம் மிச்சமிருக்கும் பழைய வீடுகளின் திண்ணை, மரத்தூண், ஓடு, கடைப் பலகை எல்லாவற்றையும் எடுங்கள். முகப்பு முழுதாகத் தெரியும்படி ஒன்று, தெருப் பெயர்ப் பலகையோடு ஒன்று. தேதியையும் இடத்தையும் அன்றே குறித்து வையுங்கள். ஆட்களை எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். நம் குடியிருப்பு எழும்பும் முன்பு இந்த மனையிலும் இந்தத் தெருவிலும் என்ன இருந்தது என்று காட்டும் படம் யாருடைய ஆல்பத்திலாவது இருந்தால், சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளக் கொடுங்கள். பின்னால் திருமண ஊர்வலமோ, வாசலில் நிற்கும் சைக்கிளோ எதுவானாலும் சரி. நமக்கு வேண்டியது அதற்குப் பின்னால் தெரியும் சுவர்தான்.