பயிர்களின் பாசன எதிர்வினை

காய்ந்த மண்ணில் நிற்கும் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சியதும் வேரிலிருந்து இலை வரை உண்டாகும் நீரழுத்த, மின்னழுத்த மாற்றங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிளம்புவதால், இலையின் நடத்தைக்கு எது காரணம் என்று பிரித்தறிய நெடுங்காலம் பிடித்தது.

முதலில் அளக்கப்பட்டது நீரழுத்தம். ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், வெட்டிய திராட்சைக் கொடியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, வேர் சாற்றை மேலே தள்ளும் விசையை அளந்தார். 1727இல் அது நூலாக வந்தது. இலையில் நீர் ஆவியாவதே தண்டிலுள்ள நீர்த்தொடரை மேலிழுக்கிறது என்று டப்ளினில் ஆய்வாளர்கள் டிக்சனும் ஜோலியும் 1894இல் விளக்கினர். மின் ஆய்வு 1873இல் தொடங்கியது. டார்வின் கேட்டுக்கொண்டதன்பேரில் பர்டன்-சாண்டர்சன், பூச்சி பிடிக்கும் வீனஸ் செடியின் இலையில் மின்துடிப்பைக் கண்டறிந்தார்.

இரண்டையும் இணைக்கத் துணிந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். தண்டின் புறணிச் செல்கள் துடித்துச் சாற்றை ஏற்றுகின்றன என்று 1923இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். மெல்லிய மின்முனையைத் தண்டுக்குள் சிறிது சிறிதாகச் செலுத்தி அந்தத் துடிப்பைத் தேடினார். அவருடைய விளக்கம் நிலைக்கவில்லை. தேடிய விதம் மட்டும் காலத்துக்கு முந்தியது.

பயிரில் தெளிவு கிடைத்தது மக்காச்சோளத்தால். வாடிய செடிக்கு நீர் விட்டால் வேரிலிருந்து மின்சமிக்ஞை இலைக்குச் செல்வதையும், பின்னர் இலையின் வாயுப் பரிமாற்றம் கூடுவதையும் ஆய்வாளர் ஃபிரோம் 1998இல் காட்டினார். அவரும் கிராம்ஸும் இடம்பெற்ற ஜெர்மன் குழு 2007இல் வெளியிட்ட சோதனையே இத்துறையில் மிக நேர்த்தியானது எனலாம். தண்ணீர் விட்டதும் இலைத்துளைகள் திறக்கவில்லை, முதலில் சற்று மூடிக்கொண்டன! சுற்றியுள்ள புறத்தோல் செல்கள் முந்திக்கொண்டு விறைத்து, துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்களை நெருக்கியதே காரணம். சில நிமிடங்கள் கழித்தே துளைகள் விரிந்தன. வேர்ப்பகுதியில் ஈடுசெய்யும் அழுத்தம் கொடுத்து நீரழுத்த மாற்றத்தை அடக்கியபோது முதல் மூடல் நிகழவில்லை. விரிதல் மட்டும் நிகழ்ந்தது. இலையைக் குளிர்வித்து மின்சமிக்ஞையை மறித்தபோதோ, தண்ணீர் வந்துசேர்ந்தும் துளைகள் விரியவில்லை.

சிலி நாட்டில் குரோவிச் குழுவினர் அவகாடோ, எலுமிச்சை, ஆலிவ் உள்ளிட்ட பழமரங்களிலும் பாசனத்தை ஒட்டிய மின்மாற்றங்களை அளந்து 2009இல் வெளியிட்டனர்.

ஆனால் பாசன நேரத்தை அறியத் தோட்டங்களில் நடைமுறைக்கு வந்திருப்பது தண்டின் பருமனை அளக்கும் உணரிகள். பகலில் நீரிழந்து சுருங்கும் தண்டு இரவில் பருக்கிறது. சுருக்கம் வழக்கத்தைவிடக் கூடினால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று பொருள். மின்சமிக்ஞையை வயலில் படிப்பது இன்னும் சிரமம்: அதன் அளவு மில்லிவோல்ட்டுகளில்தான் இருக்கும், வெயில், வெப்பநிலை, காற்றின் உரசல் எல்லாமே அதைக் குழப்பும்.