நாட்பட்ட நோயுடன் மனச்சோர்வு மருந்து: பக்கவிளைவுகளை எதிர்கொள்ளுதல்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளோருக்கு மனச்சோர்வும் ஏற்படும்போது செர்ட்ரலின், எசிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றால் தோன்றும் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு பெரும்பாலும் 2 வாரங்களில் தணியும். முழுப் பயன் தெரிய 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம்.

உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை:

• நீர் பிரியும் மாத்திரை உட்கொள்ளும் முதியோருக்குக் குழப்பம், தள்ளாட்டம் (இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம்)
• ஆஸ்பிரின் அல்லது வலி மாத்திரையும் உட்கொள்வோருக்குக் கருமலம், இரத்தக்கசிவு
• டிரமடால் சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், தசை விறைப்பு

மாத்திரையைத் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. தலைசுற்றலும் பதற்றமும் உண்டாகும். மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார்.

சோழவந்தான் பகுதியில் பலர் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டிலும், மனநல மருந்தை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் பெறுகின்றனர். ஆகவே எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் இட்டு ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுக.

தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் நோயாளியைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளைப் பராமரிப்பாளரே வைத்திருந்து வேளைக்கு வேளை கொடுக்கவும். 24 மணி நேர மனநல ஆலோசனைக்கு 14416. அவசர ஊர்திக்கு 108.