மோட்டார் காரின் குளிர்விப்பு அமைப்பு: வரலாறும் வீட்டுப் பழுதுநீக்கமும்

மோட்டார் காரின் எஞ்சினில் உண்டாகும் மிகை வெப்பத்தை வெளியேற்றி, அதன் பாகங்கள் கெடாமல் காக்கும் ஏற்பாடு குளிர்விப்பு அமைப்பு எனப்படும். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ரப்பர் குழாய்கள், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, விசிறி, கூலன்ட் திரவம் ஆகியவை இதன் உறுப்புகள். இவை அனைத்தும் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1886-க்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. புதிதாக வந்த ஒவ்வோர் உறுப்பும் பழைய குறை ஒன்றைத் தீர்த்தது. கூடவே தனக்கே உரிய பழுது ஒன்றையும் கொண்டுவந்தது. ஆகவே இந்த வரலாற்றை அறிந்தவருக்கு, சூடேறி நிற்கும் காரில் எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எளிதில் விளங்கும்.

குளிர்விப்பு ஏன் தேவை

பெட்ரோல் எரியும் நொடியில் சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மீதமுள்ள வெப்பத்தில் பெரும்பகுதியைக் குளிர்விப்பு அமைப்புதான் சுமந்து வெளியேற்ற வேண்டும். அது தவறினால் ஆயில் தன் வழுவழுப்பை இழக்கும். பிஸ்டன் சிலிண்டரோடு இறுகும். சிலிண்டர் ஹெட் வளையும். அதன் கீழுள்ள கேஸ்கெட் கிழியும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய பழுது, சில நிமிட அலட்சியத்தால் எஞ்சினையே பிரிக்கும் செலவாக மாறுவது இவ்வாறுதான்.

கொதித்துத் தீர்ந்த நீர்

ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அவ்வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றி நீர் நிற்கும். அது கொதித்து ஆவியாகும்போது வெப்பமும் உடன் போகும். குறைந்த நீரை அவ்வப்போது ஊற்ற வேண்டும்.

1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரு மகன்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அவ்வண்டியில் சென்றார். ஏறத்தாழ 105 கி.மீ. கொண்ட அப்பயணமே மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணமாகக் கருதப்படுகிறது. வழியெங்கும் அவர்கள் நிறுத்தி நிறுத்தி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் குழாயில் ஏற்பட்ட அடைப்பைப் பெர்த்தா தம் தொப்பி ஊசியால் நீக்கினார். காரின் சொந்தக்காரரே வழியில் பழுது நீக்கும் மரபு அந்தப் பயணத்திலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

அந்தக் காலம் விட்டுச்சென்ற பாடம் இன்றும் முதற்பாடமே: எஞ்சின் சூடானால் முதலில் பார்க்க வேண்டியது நீரின் அளவு.

ரேடியேட்டரின் வருகை

கொதித்துத் தீரும் நீரை நம்பி வேகமான கார்களைச் செய்ய முடியாது. அதே நீரைக் குளிரவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் வழி தேவைப்பட்டது. டைம்லரும் மேபாக்கும் 1889-இல் செய்த வண்டியில், சட்டத்தின் இரும்புக் குழாய்களுக்குள்ளேயே நீர் ஓடிக் குளிர்ந்தது. வில்ஹெல்ம் மேபாக் பின்னர் தேன்கூட்டு ரேடியேட்டரை உருவாக்கினார். 1901-இல் புகழ்பெற்ற 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் இது இடம்பெற்றது. 6 மி.மீ. அளவுள்ள 8,070 சதுரக் குழாய்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. காற்று அக்குழாய்களின் வழியே புகுந்து செல்ல, சுற்றியிருந்த நீர் வெப்பத்தை இழந்தது. கொஞ்சம் நீரே திரும்பத் திரும்பச் சுற்றி வேலை செய்தது.

ரேடியேட்டர் இரு பழுதுகளைக் கொண்டுவந்தது: கசிவு, அடைப்பு. செம்பாலும் பித்தளையாலும் ஆன பழைய ரேடியேட்டர்களில் கசிவு ஏற்பட்டால் ஈயம் பற்றவைத்து மூடிவிடலாம். அவசரத்துக்கு நாடுதோறும் ஒரு கைவைத்தியமும் இருந்தது. மேலைநாடுகளில் முட்டையின் வெள்ளைக்கருவும் கடுகுப் பொடியும், இந்தியாவில் மஞ்சள்தூளும் பயன்பட்டன. இவற்றின் துகள்கள் ஓட்டையில் போய்த் தங்கி அதை அடைக்கும். ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே துகள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். எனவே இது பணிமனை போய்ச் சேர உதவும் வழி மட்டுமே. பின்னாளில் அலுமினியத்தாலும் பிளாஸ்டிக் தொட்டிகளாலும் ஆன ரேடியேட்டர்கள் பரவின. எடை குறைந்தது, ஈயப் பற்றவைப்புக்கு இடமில்லாமல் போனது. இப்போது பெரும்பாலும் ரேடியேட்டரையே மாற்றுகிறார்கள்.

தானே சுற்றும் நீரும் பம்ப்பும்

1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரின் முதல் சில ஆயிரம் வண்டிகளுக்குப் பிறகு, வாட்டர் பம்ப் கைவிடப்பட்டது. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியே நீரைச் சுற்றவைத்தது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மாடல் டி கார்கள் தயாராயின. கெட்டுப்போக பம்ப் இல்லை என்பது நன்மை. ஆனால் நீர்மட்டம் மேல்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்றோட்டம் நின்றுவிடும்.

எஞ்சின்களின் திறன் கூடியபோது பம்ப் மீண்டும் தேவையாயிற்று. பல கார்களில் பம்ப்பும் விசிறியும் ஒரே அச்சில் அமைந்து, ஒரே பெல்ட்டால் சுழன்றன. இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடரிலும் இதே ஏற்பாடுதான். அந்த பெல்ட்டே டைனமோவையும் சுற்றும். ஆகவே பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்து, கூடவே வெப்பமுள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்தது என்று வண்டியை விட்டு இறங்காமலே சொல்லிவிடலாம். பம்ப்பின் உள்ளடைப்பு தேய்ந்தால் அதன் கீழுள்ள சிறு துளை வழியே நீர் சொட்டும். பேரிங் தேய்ந்தால் உறுமல் ஓசை கேட்கும்.

தெர்மோஸ்டாட்

எஞ்சினுக்கு அதிகக் குளிர்ச்சியும் ஆகாது. குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலை வீணாக்கும், விரைவில் தேயும். நீர் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைத்து, பிறகு திறந்துவிடும் தானியங்கிக் கதவே தெர்மோஸ்டாட். தொடக்கத்தில் எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த துருத்தி இதை இயக்கியது. 1930-களில் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் மெழுகால் இயங்கும் வகையை உருவாக்கினார். மெழுகு உருகி விரியும்போது கதவு திறக்கும். ஆறி இறுகும்போது வில் அதை மூடும்.

இது மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் எஞ்சின் சில நிமிடங்களில் கொதிக்கும். திறந்த நிலையில் சிக்கினால் வெப்பமுள் மேலேறவே ஏறாது. இதைச் சோதிக்கச் சமையலறையே போதும். கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, நீருள்ள பாத்திரத்தில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடேற்ற வேண்டும். அதன் மேல் 82 அல்லது 88 என்பது போல எண் பொறித்திருக்கும். வெப்பமானி அந்த அளவை நெருங்கும்போது கதவு திறக்கத் தொடங்க வேண்டும். கொதிநிலையிலும் திறக்காவிட்டால் மாற்றிவிட வேண்டும். சோதித்த பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

வெயில் நாட்டில் இது எதற்கு என்று கழற்றி எறிவது இந்தியாவில் பலரின் வழக்கம். அதனால் எரிபொருள் செலவு கூடும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் திரும்பிவிடுவதால் சூடு அதிகரிப்பதும் உண்டு.

அழுத்த மூடி

மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும். பிரஷர் குக்கரின் விதி இதுவே. இவ்விதியைப் பயன்படுத்தி, வில் பொருத்திய ரேடியேட்டர் மூடி உருவாயிற்று. ஒரு சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால், நீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. 1961-இல் வந்த ரெனோ 4 காரில், விரிவுத் தொட்டியுடன் முழுதும் மூடிய குளிர்விப்பு அமைப்பு இடம்பெற்றது. அடிக்கடி நீர் ஊற்றும் வேலை பின்னர் மற்றக் கார்களிலும் மறைந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சுந்தரம் ஃபாசனர்ஸ் நிறுவனம் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகளை வழங்கத் தொடங்கியது.

வீட்டில் பழுது பார்ப்போருக்கு மிகப் பெரிய ஆபத்து இந்த மூடியே. சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விலகும். 100 டிகிரிக்கு மேல் இருந்த நீர் அந்த நொடியே ஆவியாகப் பொங்கி முகத்திலும் கையிலும் பாயும். மேல்குழாயைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே, தடித்த துணியால் மூடியைப் பிடித்து, முகத்தை விலக்கிக்கொண்டு, மெல்லத் திருக வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. திடீர்க் குளிர்ச்சியால் உலோகம் விரிசல் விடலாம்.

மூடியின் வில் தளர்ந்தால், வேறெந்தப் பழுதும் இல்லாமலே நீர் முன்னதாகக் கொதிக்கும். மூடியிலுள்ள உறிஞ்சு வால்வு அடைத்துக்கொண்டால், எஞ்சின் ஆறும்போது மேல்குழாய் சப்பிக்கொள்ளும். குறைந்த செலவில் மாற்றக்கூடிய உறுப்பு இது.

கூலன்ட்

குளிர்நாடுகளில் நீர் உறைந்து விரிந்தால் எஞ்சினே பிளக்கும். அதைத் தடுக்கத் தொடக்கத்தில் ஆல்கஹாலைக் கலந்தனர். அது விரைவில் ஆவியாகிவிடும். 1920-களின் இறுதியில் எத்திலீன் கிளைக்கால் அடிப்படையிலான திரவம் விற்பனைக்கு வந்தது. அதையும் நீரையும் சம அளவில் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. கொதிநிலையும் சற்று உயரும்.

உறைபனி இல்லாத தமிழ்நாட்டுச் சமவெளியிலும் இதற்குத் தேவை உண்டு. கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் பொருள்கள் கலந்துள்ளன. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரை ஊற்றினால், கொதிகெண்டியில் படிவது போல ரேடியேட்டருக்குள்ளும் வெள்ளைப் படிவு சேரும். எனவே கூலன்ட்டுடன் காய்ச்சி வடித்த நீரையே கலக்க வேண்டும்.

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நச்சு. குழந்தைகளும் நாய்களும் நக்கிக் குடித்தால் சிறுநீரகம் கெட்டு உயிர் போகலாம். வடித்த கூலன்ட்டைத் தெருவிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. மூடியுள்ள புட்டியில் அடைத்துப் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும்.

மின்விசிறி

எஞ்சினைக் குறுக்காக வைத்த முன்சக்கர இயக்கக் கார்கள் பரவியபோது, ரேடியேட்டர் பெல்ட்டுக்கு எட்டாத பக்கத்தில் அமைந்தது. அதனால் மோட்டாரால் சுழலும் மின்விசிறி பொதுவாயிற்று. 1983 டிசம்பரில் இந்தியாவில் அறிமுகமான மாருதி 800 இவ்வகையைச் சேர்ந்தது. பழுதுகளின் பட்டியலில் ஃபியூஸ், ரிலே, வெப்ப உணரி ஆகியவை சேர்ந்தன. எஞ்சினை அணைத்த பிறகும் இவ்விசிறி திடீரெனச் சுழலக்கூடும். அதனருகே கை வைக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

வீட்டில் பழுது காணும் வரிசை

மேற்கண்ட உறுப்புகள் வந்த வரிசையிலேயே ஏறக்குறையச் சோதிக்கலாம்.

1. ஆறிய எஞ்சினில் நீரின் அளவு பார்த்தல்.

2. நீர் குறைந்திருந்தால், குழாய், கிளாம்ப், ரேடியேட்டர், பம்ப் ஆகியவற்றில் கசிவு தேடுதல். வண்டியின் அடியில் இரவில் அட்டை விரித்து வைத்தால் காலையில் சொட்டிய இடம் தெரியும்.

3. ரேடியேட்டரின் இதழ்களில் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தால், பின்புறமிருந்து மெல்லிய நீர்த்தாரையால் கழுவுதல்.

4. பெல்ட்டின் இறுக்கம், பம்ப்பின் ஓசை பார்த்தல்.

5. தெர்மோஸ்டாட்டைச் சோதித்தல்.

6. மூடியின் வில்லும் ரப்பர் வளையமும் பார்த்தல்.

7. மின்விசிறி உரிய வெப்பத்தில் சுழல்கிறதா எனப் பார்த்தல்.

எப்போது சூடேறுகிறது என்பதும் ஒரு குறிப்பு. நெரிசலில் சூடேறி, வேகத்தில் ஆறினால் விசிறியைச் சந்தேகிக்கலாம். நெரிசலில் சரியாக இருந்து நெடுஞ்சாலையில் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பையோ பம்ப்பின் தளர்ச்சியையோ தேட வேண்டும்.

ஓட்டும்போது முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுதும் திறந்தால், வெப்பத்தில் ஒரு பகுதி காருக்குள் வந்து எஞ்சின் சற்று ஆறும். முள் சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைப்பதே சரி.

புதிதாகக் கூலன்ட் ஊற்றிய பின் உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும். பல கார்களில் இதற்கெனத் திருகு உண்டு. காரின் கையேடு கூறும் முறையையே பின்பற்ற வேண்டும்.

வீட்டு எல்லையைத் தாண்டிய பழுதுகள்

வெளியே கசிவு இல்லாமல் நீர் குறைதல், சூடான பிறகும் புகைக்குழாயில் தொடர்ந்து இனிப்பு வாடையுள்ள வெண்புகை, ஆயில் பால் கலந்தது போல் மாறுதல், கூலன்ட்டில் இடைவிடாத குமிழிகள் ஆகியவை ஹெட் கேஸ்கெட் கிழிந்ததைக் காட்டும் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எஞ்சினை ஓட்டாமல் பணிமனையின் உதவியை நாட வேண்டும்.

இன்றைய மின்சாரக் கார்கள் பலவற்றில் பேட்டரியையும் மோட்டாரையும் திரவமே குளிர்விக்கிறது. எஞ்சின் போனாலும், பென்ஸ் காலத்தில் தொடங்கிய வெப்பத்தை வெளியேற்றும் வேலை தொடர்கிறது. அக்காலத்தில் நீர் தீர்ந்தது கொதிக்கும் ஆவியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. மூடிய அமைப்பில் அதே குறை மறைந்து கிடக்கிறது. மாதம் ஒரு முறை, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்க்கும் பழக்கம் பெரும்பாலான பெரும் பழுதுகளை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.