பெங்களூரின் பழங்கட்டடங்கள்

பெங்களூரின் வயதை 1537இலிருந்து எண்ணுவது வழக்கம். யலகங்கா நாட்டுத் தலைவர் கெம்பெ கவுடர் மண்கோட்டை எழுப்பி, தொழிலுக்கு ஒரு பேட்டையாகத் தெருக்கள் வகுத்த ஆண்டு அது. அந்தப் பெருமை அவருக்கே உரியது. ஆனால், வெறும் காட்டில் அவர் ஊர் கட்டினார் என்பதைக் கற்கள் மறுக்கின்றன. நகரின் தெற்கே, பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள நடுகல் ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்தது, மேலைக் கங்கர் காலத்துப் பழங்கன்னட எழுத்தில் ‘பெங்களூர்ப் போரில்’ மாண்டவர்களைச் சொல்கிறது. ஹொய்சள மன்னன் இரண்டாம் வீரவல்லாளனுக்குக் கிழவி ஒருத்தி வெந்த பயறு கொடுத்ததால்தான் ‘பெந்த காளூரு’ என்ற பெயர் வந்தது என்பார்கள். அழகான கதைதான், அந்த மன்னனோ நடுகல்லுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு பிந்தியவன்.

கல்லில் உள்ள பெங்களூர் வேறு ஒரு சிற்றூர், கொடிகேஹள்ளிப் பக்கத்து ஹளே பெங்களூருவின் பெயரைத்தான் கெம்பெ கவுடர் தம் புது ஊருக்கு வைத்தார் என்று மறுப்பதுண்டு. பெயரைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். ஆனால், கேள்வி பெயரைப் பற்றியது மட்டும் அன்று. இந்த மண்ணில் நிலைத்த குடியிருப்பு இருந்ததா என்பதே. மடிவாளா சோமேசுவரர் கோயிலின் வெளிச்சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. வேப்பூரார் ஒருவர் ‘வேங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழ்’ உள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி அது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். அங்கேயே மற்றொரு கல்வெட்டு சொல்லும் தாமரைக்கரைதான் இன்று நெரிசலில் திணறும் தாவரெகெரே. ஏரி, அதன் கீழ்ப் பாசன நிலம், அதைத் தானமாக எழுதிவைக்கும் அளவுக்கு வசதியுள்ள மனிதர், வாங்கிக்கொள்ள ஒரு கோயில் என இவ்வளவும் சேர்ந்த இடத்தைக் காடு என்று எப்படிச் சொல்வது? தொம்மலூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலிலும் தமிழ் எழுத்துகள் உண்டு (பெயர் சைவம்போல் ஒலித்தாலும் உள்ளே இருப்பவர் பெருமாள்). அழகியார் என்பவர் வாயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததைக்கூட அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

பலமுறை புதுப்பித்து வண்ணம் பூசிய கோயில்களைப் பழங்கட்டடம் என்பது பொருந்துமா என்று கேட்கலாம். புதுப்பிக்க ஆள் இருந்ததால்தான் அவை நிற்கின்றன. 1761இல் ஹைதர் அலி கல்லால் வலுப்படுத்திய கோட்டையைப் பாருங்கள்: 1791 மார்ச் 21இல் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை அதைப் பிடித்தது, பின்னர், பயன் தீர்ந்ததும், சாலைக்கும் மருத்துவமனைக்கும் இடம் விட்டு, தில்லி வாசலும் அதை ஒட்டிய சிறு பகுதியுமே மிஞ்சின. பக்கத்தில் திப்புவின் தேக்கு மர அரண்மனை தப்பியது. ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1868இல் கட்டி முடித்த செந்நிற அட்டாரா கச்சேரியை இடிக்கும் பேச்சு 1980களில் எழுந்தது. ஆனாலும் அது நிற்கிறது, இன்றும் உயர் நீதிமன்றம் அங்கேதான் நடக்கிறது.