பேனல் கண்ணாடியில் ஐந்து குறிகள்

"டச் தள்ளி வேலை செய்யுது" என்று ஷிஃப்ட் தொடக்கத்திலேயே புகார் வந்தால் நூற்பாலை எலெக்ட்ரீஷியன் ஸ்குரூ டிரைவரை எடுப்பதில்லை. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமின் முனையில் இருக்கும் பேனலுக்குப் போய், திரையில் படிந்த பஞ்சுத் தூசியை முதலில் துடைக்கிறார். செட்டிங் பக்கத்தைத் திறந்து காலிபரேஷனை ஓட்டுகிறார். ஒரு மூலையில் கூட்டல் குறி தோன்றுகிறது. அதன் நட்ட நடுவில் அழுத்திப் பிடித்தால் அது மறைந்து அடுத்த மூலையில் இன்னொன்று வருகிறது. நான்கு மூலைகள், நடுவில் ஒன்று என ஐந்தும் முடிந்தால் விரல் படும் இடமும் பட்டன் இருக்கும் இடமும் மறுபடி ஒன்றாகிவிடும். சில நிமிட வேலைதான். ஆனால் கருவி சொல்வதை அப்படியே நம்பாமல், தெரிந்த ஓர் அளவோடு ஒத்துப்பார்க்கும் இந்தப் பழக்கம் மதுரை மில்களில் தொடுதிரையோடு தொடங்கியதல்ல.

ஹார்வி சகோதரர்களின் மதுரா மில்ஸ் 1892இல் மதுரையில் ஓடத் தொடங்கியது. தாமிரபரணித் தண்ணீர் பாபநாசத்தில் அவர்களுடைய இன்னோர் ஆலையை ஓட்டியது. அப்படியோர் அருவி மதுரைக்கு இல்லை. இங்கே நீராவிதான். அக்கால மில்களின் வழக்கப்படி, ஓர் எஞ்சின் நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் ஓட்டும். ஃப்ரேமில் நின்றவரிடம் எண்கள் காட்டும் பேனல் எதுவும் கிடையாது. பெல்ட்டை ஓட்டத்துக்குத் தள்ளுவதும் விலக்குவதும்தான் அவர் கையில் இருந்த கட்டுப்பாடு.

எந்திரம் சரியாக ஓடுகிறதா என்பதை அன்று நூல்தான் சொன்னது. சோதனை அறையில் ராப் ரீல் என்ற சுற்று ராட்டை இருக்கும். அதன் சுற்றளவு ஒன்றரை கஜம். எண்பது சுற்று சுற்றினால் 120 கஜம், அதாவது ஒரு லீ. அதைக் கழற்றி நுண் தராசில் நிறுத்து, 1000ஐ அந்தக் கிரெயின் எடையால் வகுத்தால் நூலின் கவுண்ட், அதாவது நம்பர், கிடைக்கும். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு லீ 25 கிரெயின் இருக்க வேண்டும். 26 வந்தால் நூல் தடித்திருக்கிறது, 24 என்றால் மெலிந்திருக்கிறது. உடனே பல்சக்கரத்தை மாற்ற வேண்டியதுதான். கைத்தறிக்காரர்களுக்குக் கட்டுக்கட்டாகப் போன நூலின் நம்பர் மீது இருந்த நம்பிக்கை இந்தச் சின்னத் தராசைச் சார்ந்தது. மில் வரலாறு எழுதுகிறவர்கள் முதலாளிகளுக்கும் வேலைநிறுத்தங்களுக்கும் தரும் இடத்தில் கால்வாசியாவது இந்தச் சோதனை அறைகளுக்குத் தந்திருக்கலாம்.

ஈரப்பதமும் அப்படித்தான். காற்று காய்ந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும். மதுரையின் சித்திரை வெயிலில் அது என்ன பாடுபடுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுவரில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டின் வித்தியாசத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் ஈரக்காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும்.

மின்சாரம் வந்ததும் காட்சி மாறியது. நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் 1932இல் உற்பத்தியைத் தொடங்க, அந்தப் பத்தாண்டிலேயே அதன் கம்பிகள் மதுரையை எட்டின. பழங்காநத்தத்தைத் தாண்டிப் பசுமலைக்குப் போகும் வழியில் இன்றும் பைகாரா என்றே ஒரு பகுதி இருக்கிறது. பின்னர் 1944இல் பாபநாசமும், 1950களின் இறுதியில் பெரியாறு மின் நிலையமும் சேர்ந்தன. பெல்ட்டுகள் போய் ஃப்ரேமுக்கு ஒரு மோட்டார் என்றானது. மோட்டாருக்கு ஸ்டார்ட்டர், ஸ்டார்ட்டருக்கு ஓர் இரும்புப் பெட்டி, பெட்டியின் முகத்தில் பச்சை, சிவப்புப் பட்டன்கள். பேனல் என்ற பொருள் மில்லுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

அந்தப் பட்டன்களுக்கு இடம் தவறாது. அழுத்தினால் உள்ளே தொடர்பு சேரும் அல்லது பிரியும், அவ்வளவுதான். இடம் தவறக்கூடிய பட்டன் தொடுதிரையோடுதான் வந்தது.

1960களில் இரண்டு கண்டுபிடிப்புகள் தனித்தனியே நடந்தன. இங்கிலாந்தின் மால்வெர்னில் ஈ.ஏ. ஜான்சன், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக 1965இல் தொடுதிரை பற்றி எழுதினார். 1968இல் அமெரிக்காவில், ரிலே அலமாரிகளுக்கு மாற்றாக, நிரல் எழுதி எந்திரத்தை இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவி உருவாகத் தொடங்கியது. மில் பேனலுக்கு நெருக்கமான உறவு இன்னொருவருக்கு உண்டு: அமெரிக்க இயற்பியலாளர் சாம் ஹர்ஸ்ட். சோதனைகளில் வரையப்பட்ட வரைபடச் சுருள்களிலிருந்து அளவுகளைக் கையால் எடுத்தெழுதும் சலிப்பைத் தீர்க்க, 1971 வாக்கில் அவர் ஒரு தொடு உணர் பலகையைச் செய்தார். அளவெடுக்கும் கருவியாகத்தான் அது பிறந்தது. ஒளி புகும் கண்ணாடியாக மாறியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே.

நூற்பு எந்திரங்களைக் கட்டும் கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962இல் தொடங்கியது. அந்நிறுவனத்தினுடையதும் மற்றவர்களுடையதுமாக வந்த புதிய ஃப்ரேம்களில் பிஎல்சியும் திரையும் இடம்பிடித்தன. கதிரின் வேகம், நூலின் முறுக்கு, நூல் நிரம்பிய கட்டைகளைக் கழற்றும் டாஃப் நேரம் எல்லாம் ஒரே கண்ணாடிக்குள் வந்தன.

அந்தக் கண்ணாடிக்குள் இருப்பது இதுதான்: அடியில் கண்ணாடி, மேலே வளையும் பிளாஸ்டிக் படலம், இரண்டின் உட்புறத்திலும் மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் பூச்சு, நடுவே கண்ணுக்கு எளிதில் தெரியாத இடைவெளிப் புள்ளிகள். விரல் அழுத்தும் இடத்தில் பூச்சுகள் ஒட்டும். அங்கே கிடைக்கும் வோல்ட்டேஜ்தான் இடத்தின் அடையாளம். பேனல் அதை, பெரும்பாலும் 0 முதல் 4095 வரையான, எண்ணாக வாங்குகிறது. அந்த எண் திரையின் எந்தப் புள்ளி என்பது அதற்குத் தானாகத் தெரியாது. படலம் சற்றுச் சாய்வாக ஒட்டப்பட்டிருக்கலாம். வெப்பத்திலும் ஈரத்திலும் பூச்சின் தடை மாறலாம். நகர்வு, விரிவு, சாய்வு மூன்றையும் திருத்த ஆறு எண்கள் தேவை. ஒரு தொடுகைக்கு இரண்டு எண் என்பதால் கணக்குக்கு மூன்று தொடுகை போதும். ஐந்து கேட்கும் பேனல்கள் விரலின் பிசகைச் சராசரியில் கரைத்துக்கொள்கின்றன. அதனால்தான் காலிபரேஷன் செய்யும்போது கட்டைவிரலை வைத்துத் தேய்க்கக் கூடாது. மழுங்கிய முனையுள்ள குச்சிதான் சரி. பால்பாயின்ட் பேனா படலத்தைக் கீறிவிடும்.

இந்தக் கணக்குக்கு எட்டாத பழுதும் உண்டு. டாஃபுக்கு டாஃப் ஸ்டார்ட் பட்டன் இருக்கும் அதே இடத்தில் ஆண்டுக்கணக்கில் விரல்கள் படுகின்றன. அங்கே மட்டும் பூச்சு வெடித்துத் தேய்கிறது. மற்ற இடமெல்லாம் சரியாக இருக்க, அந்தச் சதுரம் மட்டும் பக்கத்துப் பட்டனைத் தூண்டும். முழுத்திரையையும் ஒரே விகிதத்தில் நகர்த்தும் காலிபரேஷன் இதைத் திருத்தாது. எத்தனை முறை ஓட்டினாலும் பலனில்லை. தொடு கண்ணாடியை மட்டும் மாற்றி, அதன் மெல்லிய நான்கு தடக் கேபிளைச் செருகி, மறுபடி ஐந்து குறிகளை அழுத்த வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் திரைக்கு வெளியே, தனி வயரில் இருப்பதன் அருமை இத்தகைய நாட்களில் புரியும்.

செல்போன் வழியே பழகிய கெபாசிட்டிவ் திரைகள் இப்போது பேனல்களுக்கும் வருகின்றன. விரலின் இடத்தை அவை கண்ணாடிக்குள் பதித்த மின்முனை வலையிலிருந்து நேரடியாகக் கணக்கிடுவதால் இந்தக் காலிபரேஷன் பொதுவாக அவற்றுக்குத் தேவைப்படுவதில்லை. ஆனால் தடித்த கையுறையை அவற்றில் பல உணர்வதில்லை. ஈரம் பட்டால் குழம்புவதும் உண்டு. அழுத்தினால் போதும் என்றிருக்கும் பழைய வகைத் திரை, கையுறையும் எண்ணெய்க் கையும் புழங்கும் இடங்களில் அதனாலேயே இன்னும் விலைபோகிறது. இத்தகைய திரைகள் உள்ள மில்களின் சோதனை அறையில், மின் தராசின் அருகே, 120 கஜ லீயைச் சுற்றும் ராப் ரீலும் இன்னும் சுழல்கிறது.